எல்லா அப்பளத்துக்கும் ஒரே வாய்ப்பு

கொக்.

பூட்டைத் திறக்கப் போன சங்கிலிமுத்துவின் கை அப்படியே நின்றது. கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மறுபடியும் கொக், கொக்கொக் என்றது. அப்பளக் கூடத்துக்குள் கேட்கக் கூடாத சத்தம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவருக்குத் தெரிந்து உளுந்து மாவு இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதென்று, "யாரு உள்ள?" என்று கேட்டுவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்.

பதில் அதே கொக்.

திறந்து பார்த்தால் தராசுத் தட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. பின்பக்க ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவருடைய மச்சினன் ஒண்டிவீரனின் முகம் தெரிந்தது.

"சும்மா ஒத்திகைக்குத்தான் விட்டேன் மச்சான். இடம் அதுக்குப் பிடிக்குதான்னு பார்க்கணும்ல."

பூசணிப்பட்டி அப்பளச் சங்கத்துக்குச் சங்கிலிமுத்து தலைவர். ஆனால் கூடம் மாமனாருடையது. அந்த மனுஷன் முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் பிடித்தால் கூடத்தில் அப்பளம், பிடிக்காவிட்டால் கோழி. கோழி வந்தால் ஒண்டிவீரன்தான் முதலாளி. எச்சம் அள்ளும் வேலையைத் தலைவருக்கே கொடுப்பதென்று வீட்டில் பேசியும் வைத்திருந்தார்கள். முந்தின நாளே ஒண்டிவீரன் ஒரு தட்டுக்கூடையை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

இத்தனைக்கும் பூசணிப்பட்டி அப்பளத்தில் குறையே கிடையாது. குறையெல்லாம், சொன்னதை அப்படியே செய்துவிடும் அந்த ஊர்க்காரர்களின் நல்ல குணத்தில்தான். ஒருமுறை ஒரு கடைக்காரர், கட்டு ரொம்பக் கனமாயிருக்கிறது, கொஞ்சம் லேசாக அனுப்புங்கள் என்றார். சங்கம் கூடிப் பேசி, ஒவ்வொரு அப்பளத்திலும் நடுவில் ஓர் ஓட்டை போட்டு அனுப்பியது. கட்டு லேசாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதோடு அந்தக் கடையும் போயிற்று.

இப்போது டவுனிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் கம்பெனி. அப்பளம் பரிசோதனையில் தேறினால் வருஷம் முழுக்க இங்கேயே வாங்குவார்கள். சங்கிலிமுத்துவின் தலைவர் பதவி, மீசை, மாமனார் வீட்டில் அவருக்குப் போடும் பலகை எல்லாமே அந்தப் பரிசோதனையைத்தான் நம்பி இருந்தன.

பரிசோதிக்க வந்தது ஜெஸிந்தா மேடம். சின்ன வயசு, களைத்த முகம், தோளில் மடிக்கணினிப் பை. பக்கத்து ஊர்ச் சங்கத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால் நின்றபடியே விளக்கினார்.

"எல்லா அப்பளத்தையும் பொரிச்சுப் பார்க்க முடியாதுல்லண்ணே, கொஞ்சத்தை எடுத்துப் பார்ப்போம். எதை எடுக்கிறதுன்னு உங்ககிட்ட விட்டா நல்லதா எடுப்பீங்க. என்கிட்ட விட்டா நான் மோசமானதா எடுப்பேன். அதனால கம்ப்யூட்டரே சொல்லட்டும்."

புள்ளிவிவரக் கணக்குக்கென்றே இருக்கும் ஒரு கணினி மொழியில் நாலு வரி நிரல் எழுதி வைத்திருந்தார். ஒரு சாவியைத் தட்டினால் திரையில் பன்னிரண்டு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவை ரேண்டம் நம்பர்கள், அதாவது குருட்டாம்போக்கில் விழுபவை. அடுத்து எது வருமென்று யாராலும் சொல்ல முடியாது. அப்பளங்களுக்கு ஒன்று முதல் வரிசையாக எண் போட வேண்டும். வந்த எண்ணுள்ள அப்பளத்தை எடுத்து, பொரித்துப் பார்த்து, குறித்துக்கொள்ள வேண்டும். அடுக்கு கலையாமல் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். யாருடைய விருப்பமும் இதில் கலக்கக் கூடாது. எல்லா அப்பளத்துக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். நிரலின் முதல் வரியில் இருக்கும் தொடக்க எண்ணை மட்டும் யாரும் மாற்றக் கூடாது.

நாளைச் சாயங்காலம் வருகிறேன் என்று கணினியை வைத்துவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கத்துக்குப் புதுசு. இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார்.

அன்று மத்தியானமே சங்கம் எண் போட உட்கார்ந்தது. மஞ்சள் தண்ணீரில் தீக்குச்சியைத் தொட்டுத் தொட்டு எழுதினார்கள். எழுதும் வேலைக்குத் தலைமை பவளக்கொடி. எண்ணெய்ச் சட்டிக்கும் அவள்தான் தலைமை. ஊரிலேயே யோசிக்கக்கூடியவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். யோசிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதைப் பார்த்தவர்கள் அப்படியே நம்பிவிட்டார்கள்.

எண்பத்தாறு வரை தடங்கல் இல்லாமல் போயிற்று. எண்பத்தாறாவது அப்பளம் கை தவறி இரண்டாக உடைந்துவிட்டது.

பவளக்கொடி கண்ணை மூடினாள். பாதி அப்பளத்துக்கு முழு எண் போடுவது அநியாயம் என்று தோன்றியது. ஆளுக்கு நாற்பத்து மூன்று என்று பிரித்து எழுதினாள். ஏற்கெனவே ஒரு நாற்பத்து மூன்று இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். அது முழுசு, இது பாதி, பார்த்தாலே தெரியும் என்று அவள் சொன்னதும் எல்லோரும் சமாதானமானார்கள்.

மறுநாள் காலையில், சாவியைத் தட்டுவது யார் என்ற கேள்வி எழுந்தது. விருப்பம் கலக்கக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. விருப்பமே இல்லாத ஆள் ஊரில் யார்? எல்லோரும் குப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் ஒருமுறை சந்நியாசம் போய், மடத்தில் சாப்பாடு சரியில்லையென்று திரும்பி வந்தவர். மற்ற ஆசைகளை அங்கேயே விட்டுவிட்டதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குப்பண்ணன் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார். குருட்டாம்போக்கு என்பதால் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். முதல் தட்டு தராசில் விழுந்தது. இரண்டாவது சங்கிலிமுத்துவின் முழங்காலில் விழுந்தது. மூன்றாவது சாவியில் பட்டது.

திரையில் 417 என்று வந்தது. எல்லோருக்கும் திருப்தி. நாலுக்கும் ஒன்றுக்கும் ஏழுக்கும் எந்த உறவும் இல்லை. அடுத்து 58. அதுவும் பரவாயில்லை. அதற்கடுத்து 333.

பவளக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணும் ஒரே மாதிரி வரிசையில நிக்குது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி. இதுல குருட்டாம்போக்கு எங்க இருக்கு தலைவரே?"

"சந்தேகமாத்தான் இருக்கு," என்றார் சங்கிலிமுத்து.

333 தள்ளப்பட்டது. அடுத்து வந்த 600 ரொம்ப மொழுக்கென்று இருந்ததால் அதுவும் போயிற்று. 59 வந்தபோது குப்பண்ணனே எதிர்த்தார். முன்னாடிதான் 58 வந்து போனது, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். 7 வந்ததும் சங்கிலிமுத்துவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அவர் கல்யாணம் நடந்த தேதி அது. விருப்பம் கலந்துவிட்டது, தள்ளுங்கள் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டே எண்கள். எதற்கும் கேட்டுவிடலாமென்று சங்கிலிமுத்து மேடத்துக்கு போன் போட்டார். அவர் பஸ்ஸில் இருந்தார். எண் பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன, வந்ததையெல்லாம் எடுங்கள் அண்ணே என்று சொன்னதோடு சிக்னல் போய்விட்டது. தள்ளிய எண்களையெல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்காத குறையாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

417 எண்ணெயில் விழுந்தது. அருமையாக விரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வெளியே எடுத்த பவளக்கொடியின் முகம் மாறிவிட்டது.

"தலைவரே, எண்ணும் சேர்ந்து பொரிஞ்சிருச்சு. போடுறப்ப சின்னதா இருந்தது, இப்ப பாருங்க எவ்வளவு பெரிசுன்னு. இது இன்னும் நானூத்திப் பதினேழுதானா? நானூத்தி ஐம்பது வரைக்கும் வந்திருக்காதா?"

இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. எண் தவறினால் பரிசோதனை தவறும். பரிசோதனை தவறினால் கோழி வரும். சங்கிலிமுத்து பொரித்த அப்பளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கடைசியில் குப்பண்ணன்தான் தீர்த்துவைத்தார். காவி கட்டியபோதும் தான் குப்பண்ணன்தான், கழற்றிய பிறகும் குப்பண்ணன்தான்; உருவம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்றார். 417 அதே எண்ணில் நீடிக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

மேடம் சொன்னபடி அதை எடுத்த இடத்திலேயே, 416-க்கும் 418-க்கும் நடுவில் வைத்தார்கள். பொரித்த அப்பளம் பச்சை அப்பளங்களுக்கு நடுவில், கூட்டத்தில் குடை விரித்தவனைப் போல உட்கார்ந்திருந்தது. அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது.

பன்னிரண்டும் பொரிந்து முடிந்தன. எல்லாமே தேறின. அத்தோடு எழுந்து கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் குப்பண்ணன் அடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா அப்பளத்துக்கும் ஒரே வாய்ப்புன்னாங்க மேடம். இந்தப் பன்னெண்டுக்குக் கிடைச்சிருச்சு. மத்ததெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கு தலைவரே."

சங்கிலிமுத்து அடுக்குகளைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். ஆயிரத்துச் சொச்சம் அப்பளங்கள் வாய்ப்பே இல்லாமல் சும்மா படுத்திருந்தன. சாயங்காலம் மேடம் வந்து, ஏன் இதற்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று ஏதாவது ஒன்றைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வது? தட்டுக்கூடை அவர் கண்முன்னே வந்து போயிற்று.

"தட்டுங்க குப்பண்ணே."

குப்பண்ணன் தட்டினார். 417.

மறுபடி தட்டினார். 417. அதற்குப் பின்னால் 58. அதற்குப் பின்னால் 333.

இதில் கணினியின் தப்பு எதுவும் இல்லை. தொடக்க எண் மாறாத வரைக்கும் அந்த நிரல் அதே எண்களை அதே வரிசையில்தான் கொடுக்கும். பின்னால் யாராவது சரிபார்க்க வசதியாக இருக்கட்டுமென்று மேடம்தான் அப்படி எழுதியிருந்தார். ஆனால் பூசணிப்பட்டி இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது.

"அடுத்தது அறுநூறு," என்றார் குப்பண்ணன், கண்ணைத் திறக்காமலே. 600 வந்தது. "இனி அம்பத்தொம்பது." வந்தது. "ஏழு." அதுவும் வந்தது.

அடுத்து எது வருமென்று யாராலும் சொல்ல முடியாது என்றல்லவா மேடம் சொன்னார்? குப்பண்ணன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பவளக்கொடி கையிலிருந்த கரண்டியோடு அவரைக் கும்பிட்டாள். மடத்திலே அவருக்கு ஒழுங்காகச் சோறு போட்டிருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார் என்று கண் கலங்கினாள். குப்பண்ணன் அதை அடக்கமாக ஏற்றுக்கொண்டு இன்னொரு அப்பளம் கேட்டார்.

சங்கிலிமுத்துவின் கவலை மட்டும் அப்படியே இருந்தது. கணினிக்குத் தெரிந்ததே பன்னிரண்டு எண்தான் போலிருக்கிறது. அதற்கு மேல் அதை வற்புறுத்துவது பாவம். தொடக்க எண்ணிலோ கை வைக்கக் கூடாது. மிச்ச அப்பளங்களுக்கு வாய்ப்பு எங்கிருந்து வரும்? மீசையைத் தடவிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அப்போதுதான், அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு யோசனை வந்தது. பழக்கமில்லாததால் முதலில் தலைச்சுற்றல் என்றுதான் நினைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கம்ப்யூட்டரை மாத்தக் கூடாது," என்றார் மெதுவாக. "அப்பளத்தை மாத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

அதன் பிறகு வேலை நதி மாதிரி ஓடியது. பொரிந்த அப்பளங்களில் இருந்த எண்களை ஈரத்துணியால் துடைத்தார்கள். வாய்ப்புக் கிடைக்காத பன்னிரண்டு அப்பளங்களை எடுத்து, அவற்றின் பழைய எண்களைத் துடைத்துவிட்டு 417, 58, 333 என்று புதிதாக எழுதினார்கள். குப்பண்ணன் கண்ணை மூடித் தட்டினார். என்ன வரப்போகிறதோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 417 வந்தது. அப்பாடா என்றார்கள். பொரித்தார்கள், இருந்த இடத்தில் வைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள், மறுபடி எழுதினார்கள். குப்பண்ணன் ஒவ்வொரு தடவையும் அதே பக்தியோடுதான் தட்டினார்.

பாதி அப்பளம் இரண்டும் கடைசியாக, ஒரே நேரத்தில் எண்ணெயில் இறங்கின. அவற்றுக்கு ஆளுக்கு அரை வாய்ப்புத்தான் நியாயம் என்று ஒரு தரப்பு சொன்னது. அதனால் பாதி பொரிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒண்டிவீரன் கோழிக் கூண்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். கதவைத் தள்ளினான். பாதிதான் திறந்தது. உள்ளே தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்குப் பொரித்த அப்பளம். பச்சையாக இருந்தபோது மூலையில் அடங்கிக் கிடந்த சரக்கு, பொரிந்த பிறகு கூடத்தையே நிறைத்துவிட்டிருந்தது. கூண்டு என்ன, ஒரு முட்டை வைக்கக்கூட இடமில்லை.

"இது எப்ப மச்சான் காலியாகும்?"

"காலி பண்றதைப் பத்தி மேடம் எதுவும் சொல்லலையே மாப்ளே."

ஒண்டிவீரன் யோசித்தான். ஒரு கூண்டுக்கு மட்டுமாவது இடம் பண்ணலாமென்று வாசற்படியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான்.

ஜெஸிந்தா மேடம் வந்தபோது அவன் ஒரு கூண்டு அகலத்துக்கு உள்ளே போயிருந்தான். மேடம் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தார். தோளிலிருந்த பை தானாக வழுக்கிக் கீழே விழுந்தது. கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அண்ணே. டெஸ்ட் முடிஞ்சுதா?"

"பரிபூரணமா முடிஞ்சுது மேடம்," என்றார் சங்கிலிமுத்து. "எல்லாத்துக்கும் வாய்ப்புக் குடுத்துட்டோம். ஒரு அப்பளத்துக்குக்கூட மனக்குறை கிடையாது."

"உடைஞ்சது?"

"இல்ல."

"கருகினது?"

"இல்ல. ரெண்டு மட்டும் பாதி வெந்திருக்கு. அது நியாயத்துக்காகச் செஞ்சது."

மேடம் ஒரு அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றையும் எடுத்தார். இப்படி ஒரு பரிசோதனையைத் தான் படித்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை என்றார். சங்கிலிமுத்து அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலை குனிந்தார்.

"அப்பளம் பிரமாதம்ணே. அதுல சந்தேகமே இல்ல. ஆனா பொரிச்சதை லாரியில ஏத்தினா தூள்தான் போய்ச் சேரும். நான் வாங்குறதுக்கு இப்ப இங்க என்ன இருக்கு?" குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "வெள்ளிக்கிழமை காலையில லாரி வருது. இதே அப்பளம், பச்சையா, காஞ்சு, அடுக்கி இருக்கணும். இருந்தா ஆர்டர் உங்களுக்குத்தான். இல்லாட்டி என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கணினியை எடுத்துக்கொண்டு, கைநிறைய அப்பளமும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒண்டிவீரன் மென்றுகொண்டே இருந்தான். புது மாவு பிசைந்துவிடலாமே என்று குப்பண்ணன் இழுத்தார். சங்கிலிமுத்து அவரை வருத்தத்தோடு பார்த்தார்.

"இதே அப்பளம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வேற செஞ்சு வச்சு ஏமாத்துறதுக்கு, நான் பேசாம கோழி எச்சமே அள்ளிடுவேன் குப்பண்ணே."

பவளக்கொடி கண்ணை மூடினாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் மூடியிருந்தாள்.

"பச்சை அப்பளத்துல என்ன சேர்ந்துச்சு? எண்ணெய் சேர்ந்துச்சு, சூடு சேர்ந்துச்சு. அவ்வளவுதான? சேர்ந்த ரெண்டையும் எடுத்துட்டா?"

சீயக்காய்க்கு ஆள் போயிற்று. எண்ணெய் போகச் சீயக்காய், சூடு போகக் கிணற்றுத் தண்ணீர். விடிந்ததும் கிணற்றடியில் அண்டா அண்டாவாக ஊறவைத்து, ஒவ்வொரு அப்பளமாகத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அப்பளங்கள் துவண்டு, கொழகொழத்து, சில கையோடு வந்தன. சரியாகத்தான் வருகிறது, பொரிவதற்கு முன்னால் இவையெல்லாம் மாவாகத்தானே இருந்தன என்று பவளக்கொடி தைரியம் சொன்னாள். வந்ததை வட்டமாகத் தட்டிப் பாய்களில் பரப்பினார்கள்.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சமிருந்தது. ஒண்டிவீரன் தின்றுவிட்ட அப்பளங்களும் அதே சரக்குத்தான். அவற்றை விட்டுவிட்டால் கணக்குக் குறையும். மேடம் இதே அப்பளம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒண்டிவீரனிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். அவனும் நியாயம் தெரிந்தவன். மறுபேச்சுப் பேசாமல் ஒரு சொம்பு சீயக்காய்த் தண்ணீரையும் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் பாயின் ஓரத்தில் வரிசையில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

வெயில் ஏறியது. சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எத்தனையோ வருஷமாய்ச் செய்கிற வேலையில் இறங்கினார். குனிந்து ஒவ்வொரு அப்பளமாகத் தொட்டுப் பார்த்து, மேல்பக்கம் காய்ந்ததைப் புரட்டிப் போட்டுக்கொண்டே போனார். வரிசை முடியும் இடத்தில் ஒண்டிவீரனின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் காய்ந்துதான் இருந்தது. அவனையும் ஒரு புரட்டுப் புரட்டிக் குப்புறப் போட்டுவிட்டு, அடுத்த பாய்க்குப் போனார்.